கணுக்கால் அளவு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கால் ரத்தக் குழாயில் அடைப்பு உண்டா என்று அறிய, கணுக்காலில் பி.பி. பார்த்து, அதைக் கையின் பி.பி.யால் வகுத்துச் சொல்லும் ஏ.பி.ஐ. சோதனைக்கு ஊசி வேண்டாம், சாயம் வேண்டாம். நல்ல சோதனைதான். ஆனால் கால் ரத்தக் குழாயைப் பற்றி யாருக்கு அதிகம் கவலைப்பட வேண்டுமோ, அந்த நீரிழிவுக்காரர்களிடம்தான் அது அதிகம் ஏமாற்றுகிறது.

விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு, 1.00 முதல் 1.40 வரை இயல்பு. பல ஆண்டுகளாகச் சர்க்கரை இருப்பவர்களுக்குக் குழாயின் நடுச்சுவரில் கால்சியம் படிந்து விறைத்துவிடுகிறது. காலில் சுற்றும் பி.பி. பட்டையில் காற்றை ஏற்றினாலும் எளிதில் நசுங்காது. அழுத்தம் பொய்யாக ஏறும். 1.40-ஐத் தாண்டினாலாவது சந்தேகம் வரும். அடைப்பினால் 0.7 காட்ட வேண்டிய கால் 1.05 காட்டினால்? அறிக்கையில் 'நார்மல்' என்றே வரும். பாதம் மரத்துப்போனவருக்கு நடக்கும்போது அடைப்பினால் வரும் வலியும் தெரியாது.

விரல் குழாய்களில் இந்தப் படிவு குறைவு. ஆகவே பெருவிரலில் சிறு பட்டையைச் சுற்றி, நுனியில் ஒளி உணரியைப் பொருத்தி அளக்க வேண்டும். அதைக் கையின் அழுத்தத்தால் வகுத்து 0.70-க்குக் கீழ் வந்தால் அடைப்பைத் தேட வேண்டும். விரல் அழுத்தமே 30 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழ் என்றால் புண் ஆறுவது கடினம், தாமதிக்கக் கூடாது. பாதம் குளிர்ந்திருந்தால் குழாய் சுருங்கி அளவு குறைந்துவிடும், முதலில் போர்வையால் மூடிச் சூடாக்குங்கள்.

அளக்கும் முறையிலும் பிழைகள் நிறைய. உட்கார வைத்து அளந்தால் இதயத்துக்கும் கணுக்காலுக்கும் இடையிலுள்ள ரத்தத்தின் எடையும் சேர்ந்து கணுக்கால் அழுத்தம் கூடிவிடும். 5 முதல் 10 நிமிடம் மல்லாந்து படுத்த பிறகே தொடங்க வேண்டும். பட்டையின் அகலம் காலின் சுற்றளவில் 40 சதவீதமாவது இருக்கட்டும். ஸ்டெதாஸ்கோப் இங்கே உதவாது; ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க வைக்கும் டாப்ளர் கருவியின் முனையை ஜெல் தடவிச் சாய்த்துப் பிடித்து, பட்டையில் காற்றேற்றி ஒலி மறைந்த பின் இன்னும் 20 மி.மீ. ஏற்றி, நொடிக்கு 2 மி.மீ. வீதம் மெல்ல இறக்க வேண்டும். ஒலி திரும்பும் இடமே அளவு. பாதத்தின் மேற்புறம், கணுக்காலின் உட்புறம் இரண்டிலும் பார்த்து அதிகமானதை எடுக்க வேண்டும்; கைகளிலும் அப்படியே.

காதையும் நம்புங்கள். நல்ல குழாயில் டாப்ளர் ஒலி துடிப்புக்கு இரண்டு மூன்று சத்தமாகப் பிரிந்து கேட்கும். 1.05 என்று எண் சொல்லும் காலில் ஒற்றை, மந்தமான சீறல் மட்டும் கேட்டால், எண்ணை விட்டுவிட்டு ஒலியை நம்ப வேண்டும்.

சோதனை நிலையங்கள் விகிதத்தோடு நிறுத்தாமல், கை, கணுக்கால், விரல் அழுத்தங்களையும் டாப்ளர் ஒலியின் அலை வடிவத்தையும் நீரிழிவுக்காரர்களின் அறிக்கையில் அச்சிட்டுத் தர வேண்டும்.

இப்படிக்கு,
ரத்தக் குழாய்ப் பரிசோதகர் ஒருவர்