ஐட்லிங் ஏறினா உடனே ஸ்க்ரூவைத் திருகணுமா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் வாகனக் கேள்வி பதில் பகுதியில ஒரு வாசகர், பழைய பெட்ரோல் கார், இன்ஜின் நல்லா சூடான பிறகும் ஐட்லிங், அதாவது பெடல மிதிக்காதப்ப இன்ஜின் ஓடற வேகம், 1500 ஆர்பிஎம்முக்கு (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) கீழ இறங்க மாட்டேங்குதுன்னு கேட்டிருந்தார். ஐட்லிங் ஸ்க்ரூவைத் தளர்த்தச் சொல்லி ஒரே வரியில பதில் போட்டுட்டீங்க. பழைய வண்டி வச்சிருக்கறவங்க நெறைய பேரு இதப் படிச்சுட்டு கையில திருப்புளியோட பானெட்டத் தூக்கியிருப்பாங்கன்னு நெனச்சா கொஞ்சம் பகீர்னு இருக்கு, அதான் எழுதறேன்.

நேத்து வரைக்கும் 800ல நின்ன வண்டி இன்னைக்கு 1500ல நிக்குதுன்னா ஸ்க்ரூ தானா திரும்பியிருக்காது சார். எங்கயோ காத்து கூடுதலா உள்ள போகுது, பெட்ரோல் இன்ஜின்ல ஐட்லிங் ஏறுதுன்னாலே பெரும்பாலும் அதான் அர்த்தம். அந்த வழியக் கண்டுபிடிக்காம ஸ்க்ரூவைத் திருகினா ரெண்டு நாளைக்கு நல்லா இருக்கும், அப்புறம் சிக்னல்ல நிக்கும்போது ஆஃப் ஆக ஆரம்பிக்கும், அப்ப மறுபடியும் திருகுவாங்க. காலைல ஸ்டார்ட் பண்ணினதும் 1200, 1500ன்னு ஓடறது தப்பே இல்ல, அது வேணும்னே அப்படி வச்சது. சூடான பிறகு 700லேர்ந்து 900க்குள்ள வந்துரணும், வரலேன்னாதான் நோண்டணும்.

முதல்ல பாக்க வேண்டியது கால் கிட்டயே இருக்கு. மிதியடி நகர்ந்து பெடல் மேல ஏறியிருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, இது நெஜமாவே நடக்கும். அடுத்து இன்ஜின் ஓடும்போதே ஆக்சிலேட்டர் பெடலக் கால் விரலால மேல தூக்குங்க, ஆர்பிஎம் இறங்கிச்சுன்னா கேபிள் துருப்பிடிச்சு சிக்குது, இல்லேன்னா ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்து போச்சு. கேபிள்ல கொஞ்சூண்டு லூஸ் இருக்கணும், விறைப்பா இழுத்துக் கட்டியிருந்தா த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குக் காத்து போற வழிய மூடித் திறக்கற தகடு, முழுசா மூடாது.

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து அனுப்பற பழைய கருவி) வச்ச வண்டின்னா, ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆக இழுக்கற சோக் கேபிள் முழுசா உள்ள போகுதான்னு பாக்கணும். பாதி சோக்லயே சிக்கிக்கிட்டு ஓடற வண்டி நெறைய, பெட்ரோல் நாத்தமும் கரும்புகையும் சேர்ந்து வந்தா அதேதான். த்ராட்டில் ஷாஃப்டையும் விரலால மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க, ஆட்டும்போது சத்தம் மாறினா ஷாஃப்ட் தேஞ்சு போய் அந்த சந்து வழியா காத்து இழுக்குதுன்னு அர்த்தம். இதெல்லாம் சரியா இருந்தாத்தான் ஸ்க்ரூ பக்கமே போகணும்.

இன்ஜெக்‌ஷன் வண்டி, அதாவது கம்ப்யூட்டர் கணக்குப் பாத்து பெட்ரோலைப் பீச்சற வண்டி, வேற கதை. அதுல த்ராட்டில் பக்கத்துல தெரியற ஸ்க்ரூ பல வண்டிகள்ல ஐட்லிங் வைக்கறதுக்கே இல்ல, த்ராட்டில் தகடு மூடும்போது குழாய்க்குள்ள போய் இறுகிக்காம இருக்க கம்பெனியிலயே வச்சு பெயின்ட் அடிச்சு அனுப்பினது. அதத் தளர்த்தினா தகடு சிக்கும், த்ராட்டில் பொசிஷன் சென்சார் கணக்கும் தப்பும், அப்புறம் ஒரு கோளாறு ரெண்டாகும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் ஒன்னு இருக்கு, விரல் ஒன்னு போதும். இது கேபிள் வச்ச பழைய த்ராட்டிலுக்கு மட்டும், எலக்ட்ரானிக் த்ராட்டில்ல விரலை விடவே கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரல்ல வச்சு, ஃபேன், பெல்ட் பக்கம் சட்டைக் கை போகாம பாத்துக்கிட்டு, ஏர் ஃபில்டர்லேர்ந்து வர்ற பெரிய ரப்பர் பைப்பைக் கழட்டுங்க. காத்தை அளக்கற சென்சார் அந்தப் பைப்புலயே இருக்கற வண்டின்னா கழட்டினதும் ஆஃப் ஆயிரும், அதுக்கு இது ஆகாது. மத்த வண்டிகள்ல தகடுக்கு முன்னாடி சின்ன ஓட்டை ஒன்னு தெரியும், ஐட்லிங் காத்து அது வழியாத்தான் போகுது. விரல் வச்சா விரலை உள்ள இழுக்கறது நல்லாவே தெரியும். அடைச்சதும் இன்ஜின் சட்டுன்னு இறங்கி நிக்கப் பாத்தா கூடுதல் காத்து அந்த வழிதான், அடைச்சும் கவலையே இல்லாம 1500ல ஓடினா தகடு சரியா மூடலை, இல்லேன்னா தகடைத் தாண்டி வேற எங்கயோ ஓட்டை.

ஓட்டைன்னா ரப்பர் ஹோஸ்கள்தான் முதல் சந்தேகம். பிரேக் பூஸ்டருக்குப் போற தடி ஹோஸ், பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள்ள சேர்ற ஆவிய மறுபடி உள்ள இழுக்கற குழாய்), சின்னச் சின்ன வேக்குவம் ஹோஸ், ஒவ்வொன்னா பிளையர்ல துணி சுத்தி மெதுவா நசுக்குங்க, எதை நசுக்கும்போது ஆர்பிஎம் இறங்குதோ அந்த லைன்லதான் லீக். பழைய ரப்பர் காஞ்சு மொறுமொறுன்னு ஆயிருந்தா நசுக்கும்போதே உடையும், உடைஞ்சா உடையட்டும், எப்படியும் மாத்த வேண்டியதுதானே. காத்தை சிலிண்டர்களுக்குக் கொண்டு போற இன்லெட் மேனிஃபோல்டு பேக்கிங்ல சந்தேகம்னா ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி எடுத்து ஜாயின்ட்ல பீச்சுங்க, ஓட்டைய தண்ணி அடைக்கற நேரத்துக்கு சத்தம் மாறும். பல பேரு கார்ப் கிளீனரைப் பீச்சறாங்க, வேலை செய்யும்தான், ஆனா பக்கத்துலயே எக்ஸாஸ்ட் கொதிச்சுக்கிட்டு இருக்கு, தீப்பிடிச்சா வண்டியே போயிரும்.

விரல் வச்ச ஓட்டை வழியாத்தான் காத்து போகுதுன்னா, அந்தக் காத்தைக் கூட்டிக் குறைக்கற ஐட்லிங் வால்வுல கரி அடைச்சு திறந்தபடியே நிக்கலாம், கழட்டி கிளீன் பண்ணினா பெரும்பாலும் சரியாயிரும். ஆனா வால்வு நல்லா இருந்து, இன்ஜின் இன்னும் சூடாகலேன்னு கம்ப்யூட்டர் நம்பிக்கிட்டு அதைத் திறந்து வைக்கறதும் உண்டு, இதைத்தான் யாருமே பாக்கறதில்ல. ரேடியேட்டருக்குக் கூலன்ட் போறதைத் திறந்து மூடற தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தா டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கூட வராது. கூலன்ட் சென்சாரோட ரெசிஸ்டன்ஸ் சூடு ஏற ஏறக் குறையணும், பல வண்டிகள்ல 20 டிகிரியில 2000, 3000 ஓம் காட்டறது 80 டிகிரியில 300 ஓம் கிட்ட வந்துரும், வரலேன்னா சென்சாரை மாத்துங்க, கனெக்டர்ல பச்சை பூத்திருந்தாலும் இதே கோளாறு வரும்.

சில பழைய வண்டிகள்ல அந்த வால்வுக்குள்ள மெழுகு இருக்கும், கூலன்ட் சூட்டுல அது விரிஞ்சுதான் காத்து வழிய மூடும். ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சா அங்க சூடு போகாது, வால்வு மூடாது. அப்ப ஆர்பிஎம் 1000க்கும் 2000க்கும் நடுவுல ஏறி இறங்கி ஊஞ்சல் ஆடும், ஏன்னா கால் பெடல்ல இல்ல, வேகம் மட்டும் கூடுதுன்னு பாத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தும், இறங்கினதும் மறுபடி விடும். இன்ஜின் ஆறின பிறகு மூடியத் திறந்து கூலன்ட் ஊத்தி, உள்ள சிக்கின ஏரை வெளிய எடுத்தாலே பல நேரம் தீர்ந்துரும், இதுக்குப் போயி வால்வையும் சென்சாரையும் மாத்தினவங்க இருக்காங்க.

ஆட்டோமேட்டிக் வண்டின்னா இதைத் தள்ளிப் போடவே கூடாது, டி-யில போட்டதும் முன்னால பாயும், நிக்கறப்பல்லாம் பிரேக்கை அழுத்திக்கிட்டே இருக்கணும்.

அந்த வாசகருக்கு மறுபடி ஒரு பதில் போடுங்க சார். அவரு வண்டி கார்புரேட்டரா இன்ஜெக்‌ஷனான்னு கேட்டுட்டு, முதல்ல பெடலையும் ரேடியேட்டர் தண்ணியையும் பாக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
பழைய கார் வச்சிருக்கும் ஒரு வாசகர்