எஸ்பியின் சத்தத்தையும் காப்பாற்றுங்கள்

மெல்பர்ன், போர்ட் பிலிப் மாநகர மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். செயின்ட் கில்டா கடற்கரைச் சாலையில் நிற்கும், 'எஸ்பி' என்று ஊரார் சுருக்கி அழைக்கும் எஸ்பிளனேட் ஹோட்டலின் வெள்ளை முகப்பைப் பற்றிக் கவலைப்பட ஊரில் ஏராளமானோர் இருக்கிறார்கள். இந்த மடல் உள்ளே எழும் இசைச் சத்தத்திற்காக.

1878இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் தங்குபவர்களும் குடிக்க வருபவர்களும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள். அப்படித் தங்கியவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் ஃபெல்டன். இங்கிலாந்திலிருந்து தங்க வேட்டைக் காலத்தில் வந்து, மருந்து வணிகத்திலும் கண்ணாடிப் புட்டித் தொழிலிலும் பெரும் பொருள் ஈட்டியவர். மணம் செய்துகொள்ளவில்லை. மாளிகை கட்டிக்கொள்ளும் வசதியிருந்தும், கடைசிக் காலத்தை இந்த விடுதி அறைகளில், ஓவியங்களும் புத்தகங்களும் சூழக் கழித்தார். (புட்டி செய்து விற்றவர் மதுக்கூடத்துக்கு மேலே குடியிருந்தது எனக்குப் பிடித்த பொருத்தம்.) 1904இல் இங்கேயே இறந்தார். அவர் எழுதிவைத்த அறக்கட்டளையின் வருமானத்தில் பாதி அறப்பணிகளுக்கு, பாதி விக்டோரியா தேசிய ஓவியக் கூடத்துக்கு. ஒரு காலத்தில் ரஷ்யப் பேரரசர்களிடம் இருந்த, இத்தாலிய ஓவியர் தியெப்போலோவின் கிளியோபாத்ரா விருந்து ஓவியம் 1933இல் மெல்பர்னுக்கு வந்தது அந்தப் பணத்தில்தான். மதுக்கடை என்று முகம் சுளிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

பின்னர் எஸ்பி இசைக்காரர்களின் வீடானது. பெயர் தெரியாத குழுக்கள் வாசித்துப் பழகிய மேடை அது. அங்குள்ள கெர்ஷ்வின் அறையில் படமான 'ராக்விஸ்' என்ற இசை வினாடி வினா நிகழ்ச்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 1990களின் இறுதியில் அந்த மனையில் உயரமான குடியிருப்புக் கோபுரம் எழுப்பும் திட்டம் வந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். ஹோட்டல் தப்பியது, பின்னால் அடுக்குமாடி மட்டும் வந்தது. 2015இல் மூடப்பட்டபோது பலர் கைகழுவிவிட்டார்கள். 2018 நவம்பரில் மீண்டும் திறந்தது.

இனி வரும் ஆபத்து இடிப்பு இயந்திரத்தில் வராது, புகார்க் கடிதத்தில் வரும். கடற்காட்சிக்காக வீடு வாங்குபவர், இரவில் கிதார் கேட்டதும் மன்றத்துக்கு எழுதுவார். தூக்கம் கெட்டால் யாருக்கும் கோபம் வரும், அதில் தவறில்லை. ஆனால் யார் முன்பு வந்தார்கள் என்பதற்குச் சட்டமே விடை சொல்லிவிட்டது. நேரடி இசை நடக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்டுபவரே ஒலித்தடுப்புக்குப் பொறுப்பு என்று 2014இல் விக்டோரியா மாநிலத் திட்டமிடல் விதிகளில் சேர்த்தார்கள்.

அந்த விதி தாளோடு நின்றுவிடக் கூடாது. சுற்றியுள்ள ஒவ்வொரு குடியிருப்பு அனுமதியிலும் ஒலித்தடுப்பு நிபந்தனையைத் தெளிவாக எழுதுங்கள். கட்டி முடிந்ததும், ஆட்கள் குடியேறுமுன், சனிக்கிழமை இரவொன்றில் சன்னலை மூடிவைத்து அளந்து பாருங்கள். தேறாத கட்டடத்துக்குக் குடியேற்றச் சான்று கிடைக்காதபடி செய்யுங்கள். ஃபெல்டனுக்குப் புதிதாக நினைவுப் பலகை வைக்கப் பணம் ஒதுக்கும் எண்ணம் இருந்தால், அது இதற்குப் பிறகு போதும்.

இப்படிக்கு,
செயின்ட் கில்டாவாசி ஒருவர்