செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

நம் இயற்கை ஆர்வலர் சபையின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கு தென் இங்கிலாந்தில் உள்ள சர்ரேயின் சுண்ணாம்புக் குன்றுச் சரிவில் நடத்திய வண்ணத்துப்பூச்சிக் கணக்கெடுப்புக்கே போனது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 26 வாரம், வாரம் ஒருமுறை, அதே பாதை. இருபுறமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர், அதற்குள் வருவதை மட்டும் எண்ணுகிறோம். பிரிட்டன் முழுவதும் 1976 முதல் இப்படித்தான் எண்ணி வருகிறார்கள்.

வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போனால் நடப்பதில்லை. இந்த வசந்தம் ஒரே ஈரம், அதனால் சில வாரங்கள் போயின. அவற்றை "நடக்கவில்லை" என்று பதிந்தோம். நடந்தும் எதுவும் தென்படாத வாரங்களுக்குப் பூஜ்யம் போட்டோம். இரண்டும் ஒன்றல்ல. மே மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவர், "ஒண்ணுமே இல்லையே, இதை எதுக்கு அனுப்பணும்?" என்று படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். அனுப்பத்தான் வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். கோடையில் பொதுமக்கள் எடுக்கும் 15 நிமிடக் கணக்கில் 2023இல் ஒரு கணக்குக்குச் சராசரி 12 வண்ணத்துப்பூச்சிகள் இருந்தன, இந்த ஆண்டு 7. செப்டம்பரில் பட்டர்ஃப்ளை கன்சர்வேஷன் அமைப்பு அவசரநிலை என்றே அறிவித்தது. ஒன்றும் காணாதவர்கள் எல்லாம் படிவத்தை மடித்து வைத்திருந்தால், இந்த வீழ்ச்சி உண்மையைவிடச் சின்னதாகத்தான் தெரிந்திருக்கும்.

ஜூலையில் ஸ்கிப்பர் என்ற சிறு வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. ஸ்மால் ஸ்கிப்பரும் எஸ்ஸெக்ஸ் ஸ்கிப்பரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உணர்கொம்பு நுனியின் அடிப்பக்கம் கருப்பென்றால் எஸ்ஸெக்ஸ், ஆரஞ்சுப் பழுப்பென்றால் ஸ்மால். அதை முன்னாலிருந்துதான் பார்க்க முடியும். நம் பொருளாளர் முழங்கால் வலியோடு புல்லில் குப்புறப் படுத்துப் படம் எடுத்தார். அவருக்கு இந்தச் சபையின் நன்றி. படம் கிடைக்காதவற்றை "ஸ்மால் அல்லது எஸ்ஸெக்ஸ்" என்றே எழுதினோம். தெரிந்த அளவுக்கு எழுதினால் போதும், ஊகம் வேண்டாம்.

சாக்ஹில் ப்ளூ என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற மஞ்சள் பூச்செடியை மட்டுமே தின்னும். புதர் ஏறினால் செடி போய்விடும், பின்னாலேயே பூச்சியும் போகும். அதனால் குளிர்காலப் புதர்வெட்டுக்குக் கூடுதல் ஆட்கள் வர வேண்டும்.

ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஜூனில் கண்ட ஸ்லோ வர்ம் என்ற காலில்லாப் பல்லியின் இடத்தைக் குறிக்கும் வரைபட எண்ணில் கிழக்கு, வடக்கு எண்களை மாற்றி எழுதிவிட்டேன். வரைபடத்தில் பல்லி சர்ரேயை விட்டுக் கிழக்கு சசெக்ஸில் போய் நின்றது. பதிவுகளைச் சரிபார்க்கும் கவுன்டி பதிவாளர் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார், திருத்தியாயிற்று. எண்ணை இனி இருவர் சரிபார்ப்போம்.

ஜனவரி தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு வழக்கம்போல் நடந்தது. அப்புறம், ஏப்ரல் முதல் வாரத்துக்கு நடக்க இன்னும் இருவர் தேவை. பெயரை என்னிடம் கொடுங்கள்.

செயலாளர்