கோடு போட்ட நோட்டுக்கும் அதை எழுதிய பிள்ளைக்கும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் சொந்தங்களுக்கும், வடக்கே தொண்டி தொடங்கித் தெற்கே மூக்கையூர் வரை உள்ள கரைக்காரர்களுக்கும், என்னைக் குரலாக மட்டுமே தெரிந்த வானொலி நேயர்களுக்கும் வணக்கம்.

என் வீட்டுக்காரர் போய்விட்டார். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதை மறுபடியும் எழுத எனக்குக் கை வரவில்லை. காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளையும் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. துட்டி கேட்டு வந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்ல வேண்டும். அதற்கு இப்போது உடம்பில் தெம்பில்லை. ஆறிய பிறகு எழுதலாம் என்றால் பாதி மறந்துபோகும். அதனால்தான் இந்த மடல். வரிசை முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து அவரைக் கொண்டுவந்த அன்று, புது ரயில் பாலத்தைப் படமெடுக்க வந்த வண்டிகள் பாம்பன் சாலைப் பாலத்தில் வழக்கம்போல நெருக்கியடித்து நின்றன. ஆட்டோ ஓட்டும் தம்பிகள் இறங்கி, ஒவ்வொரு வண்டியாக ஒதுக்கி வழி எடுத்துக் கொடுத்தீர்கள். அடுப்பு மூட்டாத நாட்களில் எங்கள் தெருவே எங்களுக்குச் சோறு போட்டது. கீழக்கரை ராத்தாக்கள் தூக்குவாளியில் கஞ்சியும், பிள்ளைகளுக்கென்று தொதல் இனிப்பும் கொண்டுவந்தார்கள். சின்னப்பாலத்துக் கடல்பாசி எடுக்கும் பெண்கள் அன்றைய கடலை விட்டுவிட்டு வந்து, ராத்திரி முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் என் நன்றி.

அவருடைய இஞ்சின் பட்டறைப் பையன்கள் இருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கரையே ஓய்ந்து கிடக்கும் அந்த இரண்டு மாதம்தான் படகு இஞ்சின் பார்க்கும் மெக்கானிக்குகளுக்குத் தலைபோகிற சீசன். அவர் போனபோது பிரித்துப் போட்ட இஞ்சின்கள் அப்படியப்படியே கிடந்தன. முதலாளி கை வைத்த வேலை அரைகுறையாக நிற்கக் கூடாது என்று, கடலுக்குப் போக டோக்கன் கொடுப்பதற்குள் ஒன்றுவிடாமல் பூட்டிக் கொடுத்துவிட்டார்கள். கூலியைக்கூட என்னிடம் கொண்டுவந்து எண்ணி வைத்தார்கள். நல்லா இருங்கப்பா.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் இரண்டு நாள் என் செல்போன் ஓயவில்லை. எடுத்த எடுப்பில் எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "எப்படி ஆச்சு?" கேட்டவர்கள் மேல் குறையில்லை. துக்கம் விசாரிக்க நம் ஆட்களுக்குத் தெரிந்த வாசல் அதுதான். ஆனால் பதில் சொல்கிறவளுக்கு ஒவ்வொரு தடவையும் அந்த ராத்திரி முதலிலிருந்து தொடங்கும். ஒரு கட்டத்தில், நான் ஏற்ற இறக்கம் பார்த்து, மூச்சை அளந்து, மாநிலச் செய்திகள் வாசிப்பதைப்போல அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் காதுக்கே அது கேட்டது. தொழிலில் பழகிய குரல், நான் அழைக்காமலே வந்து முன்னால் நின்றுகொண்டது. அதற்கப்புறம் போனைத் தொடவே பிடிக்கவில்லை.

"பெரியம்மா, இத எங்கிட்டக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டவள் பக்கத்து வீட்டுப் பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கிறாள். பேரைப் போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். போனோடு வெளித்திண்ணைக்குப் போனாள். "பெரியம்மா படுத்திருக்காக" என்று சொல்லி வைத்துவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அதுவே பெரிய உபகாரம் என்றும் இருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் அந்தப் போனையும் ஒரு நோட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். பள்ளிக்கூட நோட்டு. முன்பக்கம் எல்லாம் வேதியியல் சமன்பாடு. பின்னாலிருந்து திருப்பினால், பக்கம் பக்கமாகக் கூப்பிட்டவர்கள். தேதி, ஊர், சொல்லியிருந்தால் பேர், அதற்குக் கீழே அவர்கள் சொன்னது. பேரைத் தவிர்த்து, அவள் எழுத்திலேயே சிலவற்றைத் தருகிறேன்.

"தங்கச்சிமடம் அண்ணன். ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் வருவாகளாம். ஒருக்கா சட்டை போட மறந்து கைலியோட வந்து படகுல ஏறிட்டாகளாம்."

"தேவிபட்டினம் ஐயா. லேலண்டு இஞ்சின் சத்தத்த போன்லயே கேட்டு எந்த பேரிங் போச்சுன்னு சொல்லிருவாகளாம்."

"மண்டபம் அக்கா. பேர் சொல்லல. அழுதாக. நான் ஒண்ணும் பேசல. ரொம்ப நேரம் கழிச்சி அவுக மகனுக்குப் பெரியப்பா பீஸ் கட்டுனத சொன்னாக. பெரியம்மாட்ட சொல்ல வேணாம்னாக. எழுதிட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தையைப் படித்துவிட்டு நோட்டை மூடிவைத்தேன். கொஞ்ச நேரம் ஆனது, மறுபடி திறக்க.

அவள் என்ன கேட்டாள் என்று விசாரித்தேன். பெரிதாக ஒன்றுமில்லையாம். யார் கூப்பிட்டு, "எப்படி ஆச்சு?" என்றாலும், "அது இருக்கட்டும், பெரியப்பாவ ஒங்களுக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்துக்கொள்வாளாம். அவ்வளவுதான்.

என் தொழிலைத் தெரிந்தவர்களுக்கு, இது என்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்று புரியும். இலங்கை வானொலியில் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் கேட்டு, வீட்டு உலக்கையை மைக்காகப் பிடித்துப் பேசி வளர்ந்தவள் நான். இந்தக் கரையில் அந்த நாளில் கொழும்புதான் பக்கம், சென்னை தூரம். அப்புறம் மதுரை வானொலிக்குப் பகுதிநேர அறிவிப்பாளராகப் போனேன். குரல் நன்றாயிருக்கிறது என்று எடுத்தார்கள். ஆனால் என்னைக் காப்பாற்றியது நேர்காணல்தான். கீழக்கரையில் சங்கு குளித்தவர்கள், வாலிநோக்கம் உப்பளத்துக்காரர்கள், பழைய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியைக் கம்பி போட்டுக் கையால் தள்ளித் திறந்தவர்கள், சாயல்குடிப் பக்கம் பனை ஏறியவர்கள் என்று இந்த மாவட்டத்தில் நான் மைக் நீட்டாத தொழில் குறைவு.

அந்தப் பயிற்சியில் கடைசிவரை கைவராத ஒன்று, சும்மா இருப்பது. வானொலியில் மௌனம் என்றால் கோளாறு. சில நொடி சத்தம் வராவிட்டால் பொறியாளர் எழுந்து ஓடிவருவார். ஸ்பூல் டேப் காலத்தில், டேப் நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். பேசுகிறவர் தொண்டை அடைத்து நான்கு நொடி நிறுத்தினால் அது இரண்டரை அடி டேப். வெள்ளைப் பென்சிலால் குறி போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி, ஒட்டிவிடுவோம். வெட்டியது காலடியில் சுருண்டு கிடக்கும், மாலையில் கூட்டிப் பெருக்குவார்கள். அந்தப் பிள்ளையின் நோட்டில் அதை அவள் வெட்டவில்லை. "நான் ஒண்ணும் பேசல" என்று அதையும் ஒரு வரியாக எழுதி வைத்திருக்கிறாள்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் அம்மாவைத் தொண்ணூறுகளில் இராமேசுவரத்தில் பதிவு செய்தேன். புயலைப் பற்றிக் கேட்டபோது தாசில்தாரிடம் சொல்வதுபோல நாலு வாக்கியம் சொல்லி நிறுத்திக்கொண்டார். பதிவு தேறாது என்றுதான் நினைத்தேன். சும்மா பேச்சுக்கு, அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டேன். அப்புறம் டேப் தீரும்வரை பேசினார். அந்தப் பையன் முள் எடுத்துக் கொடுத்தால்தான் மீன் தின்பானாம். "திம்பான்" என்றுதான் சொன்னார், "திம்பானே" என்று இழுக்கவில்லை. முப்பது வருடமாக அந்தப் பிள்ளைக்கு அவர் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பேட்டிக்குப் பாராட்டெல்லாம் வந்தது. அந்த அம்மா என்ன செய்துகொண்டிருந்தார் என்பது, இப்போது துக்கத்தோடு குடித்தனம் நடத்த வந்தபிறகுதான் எனக்கு விளங்குகிறது.

ஆறிவிடும், காலம் ஆற்றும் என்று சொல்கிறீர்கள். அன்பில் சொல்வது, தெரிகிறது. ஆனால் எனக்கு ஆற வேண்டும் என்றில்லை. அவரைப் பற்றி யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும் என்றிருக்கிறது. அவர் பேரை என் முன்னால் எடுத்தால் நான் உடைந்துவிடுவேன் என்று பயந்து, வெயிலைப் பற்றியும் பிள்ளைகள் படிப்பைப் பற்றியும் பேசிவிட்டுப் போகிறீர்களே, தயவுசெய்து வேண்டாம். அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன்.

நோட்டில் மூக்கையூர்க்காரர் ஒருவர் சொன்னது இருக்கிறது. முன்பு எங்கள் பட்டறையில் தொழில் கற்றவர்.

"அம்மா நிகழ்ச்சி வந்தா கிரைண்டிங் மிசின நிப்பாட்டச் சொல்லுவாகளாம். முடியுற வரைக்கும் ஒருத்தரும் சுத்தியல் தட்டக் கூடாதாம். கஸ்டமர் வந்து நின்னாலும் உக்காரச் சொல்லுவாகளாம்."

மிசினை நிப்பாட்டச் சொன்ன இதே என் வீட்டுக்காரர், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு நிகழ்ச்சி கேட்டீங்களா?" என்றால், "பட்டறைச் சத்தத்துல எங்க கேக்குது?" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போய்விடுவார். அத்தனை வருடமும் இதே பதில். அதை வைத்து நானும் அவரை ஊரெல்லாம் கேலி பேசியிருக்கிறேன். கச்சான் காற்று மைக்கில் மோதிப் பதிவு கெடுகிறது என்று புலம்பியபோது, இஞ்சின் ஏர் ஃபில்டரின் ஸ்பாஞ்சை வெட்டி மைக்குக்கு உறை தைத்துக் கொடுத்தவர், நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை. படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மனுஷன்? அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. துட்டி வீட்டில் நான் சத்தம் போட்டுச் சிரிப்பதைக் கேட்டு, என்னவோ ஆகிவிட்டது என்று என் நாத்தனார் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தாள். அவளிடம் படித்துக் காட்டினேன். அவளும் சிரித்தாள், அப்புறம் இருவரும் அழுதோம்.

யாரும் சொல்லிக் கொடுத்து அந்தப் பிள்ளை இதைச் செய்யவில்லை. திண்ணையில் வெயில் ஏறினால் நிழல் பக்கம் நகர்ந்து, பேனா மை தீர்ந்தால் பென்சிலில் எழுதி, எனக்குத் தெரியாத என் வீட்டுக்காரரை வரி வரியாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுத்து சின்னதாகிக்கொண்டே போகிறது, இடம் தீர்ந்துவிடுமோ என்று. அதற்கப்புறம் அட்டையிலும் எழுதியிருக்கிறாள். உனக்கு நான் எப்படி நன்றி சொல்ல, மகளே. கல்லூரிக்குக் கட்ட வேண்டியதைப் பற்றி உன் அம்மாவிடம் பேசிவிட்டேன். நீ நடுவில் வராதே. அந்த நோட்டு மட்டும் எனக்கு வேண்டும். வேதியியலை நகல் எடுத்துக்கொள்.

ஓய்வுக்குப் பிறகு மைக்கைத் தொட வேண்டாம் என்றிருந்தேன். அதை மாற்றிக்கொண்டேன். இந்தக் காற்று கொஞ்சம் அடங்கட்டும், நோட்டில் உள்ள ஊர்களுக்கெல்லாம் நானே வருகிறேன். சம்மதம் என்றால் பதிவு செய்வோம், இல்லையென்றால் பேசிக்கொண்டிருப்போம். டேப்பை வெட்ட மாட்டேன், இப்போது டேப்பும் கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பேரும் இல்லை, நம்பரும் இல்லை. "தொண்டி. இஞ்சின் பார்த்த காசு இன்னும் குடுக்கலையாம். ரொம்ப வருசம் ஆச்சாம். ஒரு பெரிய கதை இருக்காம். நேர்ல சொல்றேன்னாக" என்று எழுதியிருக்கிறாள். அந்த அண்ணன் இதைப் படித்தால், காசு வேண்டாம், அவரும் அதைக் கேட்டிருக்க மாட்டார். கதையை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.