குடியிருப்போர் நலச் சங்கம், கிருஷ்ணகிரி: 2024–25ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கான நகல் வழக்கம்போல வாசற்கதவில் செருகப்படும்.

இந்தப் பொதுக்குழு போன மாதமே நடந்திருக்க வேண்டியது. அன்று கூட்டம் நடத்தத் தேவையான அளவுக்கு உறுப்பினர்கள் வராததால் ஒத்திவைத்தோம். போட்ட பந்தலுக்கு வாடகை கொடுத்தாயிற்று என்பதைக் கணக்கில் காணலாம்.

வழக்கமான பணிகள்: குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கொடியேற்றினோம். பொங்கல் கோலப்போட்டி நடந்தது. மழைக்கு முன் சாக்கடை தூர்வாரப்பட்டது. கண் பரிசோதனை முகாமுக்கு நல்ல கூட்டம். மூன்றாம் குறுக்குத் தெருவின் தெருநாய்ப் பிரச்சினை தொடர்கிறது.

இனி நீச்சல்குளம். இதைப் பற்றி சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு எழுதிவிட்டதால், செயலாளர் தரப்பையும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மனைப்பிரிவு போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தில் இன்று சீமைக்கருவேலம்தான் வளர்ந்து நிற்கிறது. அங்கே குடும்பத்தோடு போய்வரும்படி ஒரு சிறு நீச்சல்குளம் அமைக்கலாம் என்று போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். கைதூக்கியவர்களில் சிலரே இப்போது ‘யாரைக் கேட்டு?’ என்கிறார்கள். தீர்மானப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, கையெழுத்துகளும் இருக்கின்றன.

என் வயதுக்காரர்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தக் கற்றவர்கள். ஆழ்குழாய் வந்தபிறகு அந்தக் கிணறுகளில் பாதி வற்றிவிட்டன, மீதியில் குப்பை. ஆற்றுக்குப் போகலாம் என்றால், கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மிச்சமிருப்பது கைவிட்ட கல்குவாரிகள். கரை செங்குத்து, இறங்கினால் ஏற வழியில்லை. கோடை விடுமுறையில் பையன்கள் அங்கேதான் போகிறார்கள். பெண்பிள்ளைகளுக்கோ அந்தக் காலத்துக் கிணறும் இல்லை, இந்தக் காலத்துக் குவாரியும் இல்லை. நம் தெருக்களில் நீந்தத் தெரிந்த பெண்களை விரல்விட்டு எண்ணலாம்.

நம் உறுப்பினர், ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா, கூலி வாங்காமல் வரைபடம் போட்டுக் கொடுத்தார். முதல் வரைபடத்தில் 50 மீட்டர் நீளம், முழுக்க 2 மீட்டர் ஆழம், எட்டுத் தடங்கள். பெரிய போட்டி நடத்தச் சரி, நமக்கு எதற்கு? அதை மகளிர் குழுக் கூட்டத்தில் விரித்து வைத்தோம். ஒரு பாட்டி கேட்டார்: “பேரனைத் தண்ணியில விட்டுட்டு நான் எங்கப்பா உட்கார்றது?” மொத்த வரைபடமும் அந்தக் கேள்வியிலிருந்துதான் மாறியது.

இப்போதைய வரைபடத்தில் பெரிய குளம் 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு முனையில் ஆழம் 90 சென்டிமீட்டர், மறுமுனையில் 1.4 மீட்டர், அவ்வளவுதான். குதிக்கும் பலகை கிடையாது. தரை திடீரென்று இறங்காமல் சரிந்து போகும். முதியவர்களுக்குக் கைப்பிடி வைத்த அகலப் படிகள், சக்கர நாற்காலிக்கு 12 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் பாதை. பக்கத்திலேயே, ஆனால் தனியாக, முழங்காலளவு ஆழத்தில் குழந்தைகள் குளம். இரண்டுக்கும் நடுவே வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. தாழ்ப்பாள் சிறுபிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில். பாட்டி கேட்ட திண்ணை, இரண்டு குளமும் ஒரே பார்வையில் தெரியும் இடத்தில், மேற்கு வெயில் படாமல் இருக்கும். நிழலுக்கு வேப்பமரம் வைக்கலாம் என்றார்கள். இலையும் பூவும் கொட்டி வடிகட்டியை அடைக்கும் என்பதால் தகரக் கூரைதான்.

உடை மாற்றும் அறை ஆண், பெண் என்று இரண்டு மட்டும் போட்டால் ஐந்து வயது மகளைக் கூட்டிவரும் அப்பா எங்கே போவார்? அதற்காகக் குடும்ப அறை இரண்டு. பெண்களுக்குத் தனி நேரம் வேண்டும் என்று ஒரு தரப்பு, குடும்பமாகத்தான் வருவோம் என்று இன்னொரு தரப்பு. இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறோம். தனி நேரத்தில் பயிற்சியாளரும் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. முழங்கை, முழங்கால் வரை மூடிய நீச்சல் உடைக்குத் தடையில்லை. பருத்தித் துணி மட்டும் கூடாது, நூல் பிரிந்து வடிகட்டியில் சிக்கும்.

தரைக்கு வெளியூர் டைல்ஸ் தேவையில்லை. நம் மாவட்டத்து கிரானைட் கடல் கடந்து போகிறது, இங்கே துண்டுக் கல் மலிவு. ஆனால் பாலிஷ் போட்ட கல்லைப் போட்டால் முதல் நாளே யாராவது வழுக்கி விழுவார்கள். தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்தான் வேண்டும். குளத்தின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் வாய் ஒன்று மட்டும் இருந்தால் முடியோ துணியோ இழுபடும் ஆபத்து உண்டு, அதனால் தள்ளித்தள்ளி இரண்டு, மேலே குவிந்த மூடி. பெரிய குளத்தின் தண்ணீர் முழுவதும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மணல் வடிகட்டி வழியாகச் சுற்றி வர வேண்டும். குழந்தைகள் குளம் மணிக்கு ஒருமுறையாவது. குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம். மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் மருந்து அதிகம் என்று நினைக்கிறோம். அந்த வாடை பெரும்பாலும் குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்வதால் வருவது. ஆகவே குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், ஷவர் குளத்துக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது.

அடுத்து, எல்லோரும் எழுப்பும் கேள்வி: ‘குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் குளிக்கக் குளமா?’ நியாயமான கேள்வி. கேட்டவர்கள் பதிலையும் கேட்டிருக்கலாம். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பலர் பல்லில் உள்ள காவிக்கறையே சாட்சி. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. அந்தத் தண்ணீரில் ஒரு குடம்கூடக் குளத்துக்கு எடுக்கக்கூடாது என்பதை வரைபடத்தின் மேலேயே எழுதியிருக்கிறோம்.

குளம் நிரம்பச் சுமார் 2,90,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 24 நடை. ஒருமுறை நிரப்பினால் வாராவாரம் கொட்டிவிடுவதில்லை. கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானாலும் 1,500 லிட்டர். குளிப்பவர் ஒருவருக்கு 30 லிட்டர் புதுத்தண்ணீர் சேர்ப்பது நல்ல வழக்கம், நூறு பேருக்கு 3,000. ஆக நாளுக்கு அரை லாரிகூட ஆகாது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டராவது கிடைக்கும். மிச்சத்துக்கு ஆழ்குழாய். ஆனால் நீர் ஆவியாக ஆவியாக உப்பும் ஃபுளோரைடும் குளத்திலேயே தங்கும், சிறுபிள்ளைகள் விழுங்கவும் செய்வார்கள். எனவே மாதாமாதம் தண்ணீர்ப் பரிசோதனை செலவுக் கணக்கில் உண்டு. இது சலுகை இல்லை, கட்டாயம்.

குளத்துக்காக மனு கொடுத்தாயிற்று. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர ஆண்டின் பெரும்பகுதி போனது. வரைபடத்தைத் திரும்பக் கேட்டார்கள், கொடுத்தோம், மறுபடியும் கேட்டார்கள். நல்லவேளை, பிரதிகள் எடுத்து வைத்திருந்தேன். உடன் வருவதாகச் சொன்ன துணைக்குழு உறுப்பினர்களுக்கு அந்தந்த நாளில் வெளியூர் வேலை வந்துவிட்டது. அதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம், சிறு இருப்பு வங்கியில் உள்ளது. விவரம் பொருளாளர் வாசிப்பார். ஆண்டுச் சந்தா 600 ரூபாய், மாதத்துக்கு 50. பாதிக்கு மேற்பட்டோர் இன்னும் கட்டவில்லை. இரண்டு மாடி எழுப்பியவர்களும் அதில் அடக்கம். பெயர்ப் பட்டியலை வாசிக்கலாமா என்று செயற்குழுவில் கேட்டேன், தலைவர் வேண்டாம் என்றார்.

நன்றி: தலைவருக்கும் செயற்குழுவுக்கும், பந்தல் போட்டவருக்கும், நாற்காலி தந்த பள்ளிக்கும், பொறியாளர் ஐயாவுக்கும், மகளிர் குழுவினருக்கும், பிரதி எடுத்துத் தந்த ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும்.

வரும் ஆண்டில் அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் விண்ணப்பிக்க உத்தேசம். அதில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் தர வேண்டும். 50 ரூபாய்க்கே இவ்வளவு யோசிப்பவர்கள் அந்தப் பங்குக்கு என்ன செய்வோம் என்பதை இன்றே பேசிவிடுவது நல்லது. செயலாளர் பொறுப்பில் நான் தொடர்ந்தே தீர வேண்டும் என்பதில்லை. கோப்பு, வரைபடம், மனு நகல் எல்லாம் ஒரே பையில் தயாராக உள்ளன. முன்வருபவரிடம் இப்போதே ஒப்படைக்கிறேன். ஒருவரும் முன்வராவிட்டால், அடுத்த திங்கட்கிழமை மனுவோடு போகும்போது கூட வர இரண்டு பேர் வேண்டும். பெயர் கொடுங்கள்.

ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். டீயும் சுண்டலும் அவருக்குப் பின்னால் வைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
செயலாளர்