அரையாண்டு நிறைவும் வரலாற்றுச் செயல்திட்டமும்

அன்புடைய பெற்றோருக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடி முடிந்தது. விளையாட்டு விழாவிலும் கலைப் போட்டிகளிலும் பிள்ளைகள் பரிசுகள் வாங்கினார்கள். அனைவருக்கும் பாராட்டு.

பத்தாம் வகுப்பின் வரலாற்றுச் செயல்திட்டம் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தலைப்பு, விடுதலைப் போராட்டத்தின் முக்கிய மாநாடுகள். வந்தவற்றில் பல, பிரவுசிங் சென்டரில் வண்ணத்தில் அச்சடித்தவை. அழகுக்குக் குறைவில்லை. பிழைகளும் அச்சு மாறாமல் ஒன்றுபோல இருக்கின்றன.

காங்கிரஸின் லாகூர் மாநாடு 1930 என்று போட்டிருக்கிறது. நேரு தலைமையில் அது கூடியது 1929 டிசம்பரில். விடுதலை நாள் உறுதிமொழி எடுத்ததுதான் 1930 ஜனவரி 26. மாநாடுகள் பெரும்பாலும் டிசம்பர் கடைசியில் கூடும், போராட்டம் மறு ஆண்டில் தொடங்கும். குழப்பம் அங்கேதான். 1920இல் காங்கிரஸ் இருமுறை கூடியது. ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்றது செப்டம்பரில் லாலா லஜபதி ராய் தலைமையில் நடந்த கல்கத்தா சிறப்பு மாநாடு. உறுதிசெய்தது டிசம்பரில் நாகபுரி. இரண்டையும் ஒன்றாக்கினால், நாகபுரிக்குத் தலைமை தாங்கிய சேலம் விஜயராகவாச்சாரியார் காணாமல் போய்விடுகிறார். ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறிய 1942 ஆகஸ்ட் 8 பம்பாய்க் கூட்டம் ஆண்டு மாநாடே அல்ல, அகில இந்திய காங்கிரஸ் கமிட்டிக் கூட்டம். தலைவர்கள் கைதானது மறுநாள் அதிகாலையில்.

வீட்டு வேலை, அலுவலகம், டியூஷன் எல்லாவற்றுக்கும் நடுவே இதற்கு நேரம் ஒதுக்குவது எளிதல்ல, தெரியும். ஆனாலும் கடைக்காரர் தட்டச்சு செய்து, பிள்ளை பெயர் மட்டும் எழுதிய செயல்திட்டத்தை இனி வாங்க மாட்டோம். எவ்வளவு தடிமனாக இருந்தாலும் திரும்பி வரும்.

ஐந்து மாநாடு போதும். ஒன்றுக்கு ஒரு பக்கம், கையால் எழுத வேண்டும். நாள், ஊர், தலைவர், தீர்மானம், அதனால் அடுத்து நடந்தது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் கடைத் தாள்கள் விட்டுவிடுகின்றன. எங்கள் ஆசிரியர்கள் முதலில் பார்ப்பதும் அதையே. படம் ஒட்டினால் யார், எந்த ஆண்டு என்று கீழே எழுதட்டும். தேதிகளைப் பாடநூலோடு ஒப்பிட்டால் போதும். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கொடுக்கலாம்.

எழுதி முடித்ததும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், நீங்கள் செய்யவேண்டியது அவ்வளவுதான். முதல் தடவையே கையால் எழுதி அனுப்பிய வீடுகளுக்கும், பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் வருபவர்களுக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்