யாத்திரைக் குழுவின் ஆண்டறிக்கை: செயலாளர் சமர்ப்பிப்பது

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

தைப்பொங்கலும் நவராத்திரிப் பூசையும் வழமைபோல் நிறைவேறின. செயற்குழு தவறாமல் கூடியது.

வேல்ஸ் நாட்டின் கார்மார்தன்ஷயரில் உள்ள ஸ்கந்த வேல் ஆச்சிரமத்துக்கு இம்முறையும் இரண்டு தடவை பேருந்து விட்டோம். (‘வேல்’ ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல்தான் என்றாலும், நம் காதில் அது முருகன் கைவேலாகவே விழுகிறது.) இலங்கையில் பிறந்த குரு சுப்பிரமணியம் 1973இல் நிறுவிய அந்த ஆச்சிரமத்தில், முருகனுக்கும் மகாசக்திக்கும் ரங்கநாதருக்கும் பூசை செய்பவர்கள் பல நாடுகளில் பிறந்த துறவிகள். முதல் பயணத்தின்போது நம்மவர் ஒருவர், வெள்ளைக்காரர் அபிஷேகம் செய்யலாமா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். அதே நேரத்தில், நமக்குச் சமைத்த கிடாரங்களை ஆச்சிரமத்துத் துறவியான ஒரு சகோதரி தனியே நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். குளிர்ந்த நீரில் அவருடைய விரல் நுனிகள் வெடித்திருந்தன. 2007இல் சம்போ என்ற ஆச்சிரமத்துக் காளையைக் காசநோய்த் தொற்றின் பேரில் கொல்வதற்குக் கொண்டுபோன நாளிலும், அதன் அருகே அமர்ந்து பாடியவர்கள் இவர்களைப் போன்றவர்களே. முருகன் நமக்கு மட்டும் உறவு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆகவே, இரண்டாம் பயணத்தில் முதல் நாளே போய்ச் சமையற்கட்டுத் தொண்டில் சேருவது என்று நான் முன்மொழிந்தேன். வந்தவர்கள் சிலரே. ஆனாலும் மறுநாள் காலை, கத்தியைக் கழுவாமல் வைத்ததற்காக அந்தச் சகோதரி நம் அக்கா ஒருவரைக் கண்டித்தார். விருந்தாளியை யாரும் அப்படிக் கண்டிப்பதில்லை. அக்காவும் அன்று முழுவதும் அவர் பக்கத்திலேயே நின்று காய் வெட்டினார்.

பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி இரவில் வரவில்லை என்று செய்தி அனுப்பியவர்களால் இருக்கைகள் வெறுமையாகப் போயின. பேருந்து வாடகையோ குறையவில்லை. அசைவம் விட்டு விரதம் இருக்க முடியவில்லை என்பது நேர்மையான காரணம். மழை என்பது காரணமன்று. பலருடைய சந்தா இரண்டு ஆண்டுகளாக நிலுவையில் உள்ளது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், கையிருப்பு சொற்பமே. நிதியுதவிய அன்பர்களுக்கும், சாரதிக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு முன்பணம் கட்டியவர்களுக்கே இருக்கை என்று முடிவு செய்யுமாறு சபையைக் கேட்கிறேன். சமையற்கட்டுத் தொண்டுக்கு என் பெயரை முதலாவதாக எழுதியிருக்கிறேன். அந்தத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது.